பெயருக்குப் பக்கத்தில் ‘ஸ்பின்ஸ்டர்’: அடிக்கலாமா, விடலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 43. கிறிஸ்தவர், வங்கி அதிகாரி. திருமணம் ஆகவில்லை. அப்பா காலமாகிவிட்டார், அம்மாவும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். அப்பாவின் அக்கா, இவர் ‘பெரியத்தை’ என்று கூப்பிட்டவர், மிஷன் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1962-ல் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு வீடு வாங்கினார். 2004-ல் அதை இவர் பெயருக்கு உயில் எழுதிப் பதிவும் செய்தார். 2009-ல் இறந்துபோனார். பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் இவர் பெயருக்கு மாறி வருஷங்கள் ஆகின்றன.

இப்போது இவர் தன் உயிலை எழுத நினைக்கிறார். வீடு தம்பி மகளுக்கு, கொஞ்சம் பணம் அத்தை வேலை பார்த்த பள்ளியின் விடுதிக்கு. பத்திர எழுத்தர் அத்தையின் ஆங்கிலப் பத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அதே வாய்பாட்டில் ஒரு வரைவு அடித்துக் கொடுத்தார். அதில் இவர் பெயருக்குப் பக்கத்தில் ‘ஸ்பின்ஸ்டர்’. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பொருள் தேடினால், ‘கல்யாண வயது கடந்தும் மணமாகாத பெண்; இழிவாகவும் வழங்கும்’ என்று வருகிறது. “அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை” என்கிறார். பெட்டியைத் திறந்து பார்த்தால் அத்தையின் 1962 கிரயப் பத்திரத்திலும் உயிலிலும் அதே சொல். “அத்தையையும் அப்படியா எழுதினார்கள்?”

தம்பி, பிழைதிருத்தல் பத்திரம் போட்டு எல்லாவற்றிலும் மாற்றிவிடலாம் என்கிறார். சித்தப்பா மகன் வேறு பாட்டு பாடுகிறார்: ஸ்பின்ஸ்டர் என்றால் நூல் நூற்பவள். பெரியத்தை வாத்தியாரம்மா. ஆக, பத்திரத்தில் இருப்பது வேறு யாரோ. உயில் நிற்காது. எல்லாருக்கும் பங்கு உண்டு.

அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், என் உயிலில் அது இருந்தே ஆக வேண்டுமா, அத்தையின் பத்திரத்துக்கு அதனால் ஆபத்து உண்டா? இவை சகோதரியின் மூன்று கேள்விகள். கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. மனைவியை இழந்த சக ஊழியர் ஒருவர் இவரைக் கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறாராம். “இன்னும் முடிவு செய்யவில்லை. இது சட்டக் கேள்வி இல்லை, சும்மா எழுதினேன்.”

சகோதரி, நீங்கள் எழுதியதிலேயே பெரிய சட்டக் கேள்வி அதுதான். கடைசியில் அதற்கு வருகிறேன்.

முதலில் மூன்றுக்கும் சுருக்கமான பதில். உங்கள் வரைவில் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை. அத்தையின் பத்திரத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள். அங்கே அது உங்களுக்கு ஒரு சாட்சி. உங்கள் சித்தப்பா மகனுக்கு அகராதி தெரிந்திருக்கிறது, பத்திரம் எழுதுகிற வழக்கம் தெரியவில்லை.

முதலில் அது ஒரு தொழில்

நூற்பது என்ற பொருளுள்ள ‘ஸ்பின்’ என்ற வினையோடு ‘ஸ்டர்’ என்ற விகுதி சேர்ந்தது இந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் அந்த விகுதி, ஒரு வேலையைச் செய்யும் பெண்ணைக் குறித்தது. நெய்கிறவள் வெப்ஸ்டர், ரொட்டி சுடுகிறவள் பேக்ஸ்டர், பியர் காய்ச்சுகிறவள் புரூஸ்டர். பிற்பாடு இவை குடும்பப் பெயர்களாகிவிட்டன. அமெரிக்க ஆங்கில அகராதிக்குப் பெயர்போன வெப்ஸ்டரின் குடும்பப் பெயருக்கும் நெய்பவர் என்றுதான் அர்த்தம். காலப்போக்கில் விகுதியிலிருந்த பெண் மறைந்துபோனாள். யங்ஸ்டர், கேங்ஸ்டர் என்று நாம் சொல்லும்போது அவள் நினைவுக்கு வருவதில்லை.

14-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பியர்ஸ் பிளவ்மன்’ என்ற ஆங்கில நெடுங்கவிதையில் இந்தச் சொல் வருகிறது. பேராசை என்பவன் பாவமன்னிப்புக் கேட்கும் இடம் அது. தன் மனைவி கம்பளித் துணி நெய்பவள் என்றும், நூற்கும் பெண்களிடம் வேலை கொடுத்து வாங்கும்போது கூடுதல் கனமுள்ள எடைக்கல்லை வைத்து ஏமாற்றினாள் என்றும் சொல்கிறான். அங்கே ஸ்பின்ஸ்டர் என்றால் கூலிக்கு நூற்கும் பெண், அவ்வளவுதான். கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்ற பேச்சே இல்லை.

அது எப்படி மணமாகாத பெண்ணுக்குப் பெயரானது? இங்கேதான் வக்கீல்களான எங்கள் தொழில்காரர்களின் கைவரிசை. 1413-ல் ஐந்தாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. வழக்கில் ஒருவர் பெயரை எழுதினால் அவருடைய அந்தஸ்து அல்லது தொழில், ஊர் ஆகியவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால் குழப்பம் வரக்கூடாது. பெயரோடு ஒட்டும் அந்த விவரத்துக்கு ‘அடிஷன்’ என்று பெயர். ஆண்களுக்கு உழவர், தச்சர், கனவான் என்று எதையாவது போடலாம். மணமான பெண்ணுக்கு இன்னாரின் மனைவி, கணவனை இழந்தவருக்குக் கைம்பெண். மணமாகாத பெண்ணுக்கு என்ன போடுவது? வீட்டிலிருந்தபடியே பெண்கள் காசு பார்க்கக்கூடிய வேலையாக அன்று பரவலாக இருந்தது நூற்பு. அதையே போட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், வைகவுண்ட் பட்டம் பெற்ற பிரபுவின் மகள் தொடங்கிக் கீழே எல்லா மணமாகாத பெண்களுக்கும் பத்திரங்களில் இந்த ஒரே அடைமொழிதான் என்று சட்ட அகராதிகளே சொல்கின்றன. அந்தப் பிரபுவின் மகள் தன் வாழ்நாளில் ராட்டையைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. சித்தப்பா மகனிடம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: தொழில் என்ற பொருள் பத்திரங்களிலிருந்து விலகி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வசைப் பொருள் இன்னும் பிந்தியது, 18-ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. பேச்சிலர் என்ற சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று இளம் வீரன். அதற்கு இந்தக் கதி நேரவில்லை. நம் ஊரில் பேச்சிலருக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது, அவருடைய கஷ்டம் அத்தோடு சரி. நம்மிடமும் ‘முதிர்கன்னி’ என்று ஒரு சொல் உலவுகிறது. அதற்கு ஆண்பால் கேள்விப்பட்டதுண்டா?

வழக்குக்கு உதவாத ஒரு விஷயம், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நற்றிணையில் கபிலர் பாட்டு ஒன்று, 353-வது. மலைமேல் தவழும் மேகத்துக்கு அவர் சொல்லும் உவமை ‘ஆளில் பெண்டிர் தாளின் செய்த நுணங்கு நுண்பனுவல்’. ஆண் துணை இல்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூல். புறநானூற்றில் (326) ராத்திரியில் எழுந்து பஞ்சின் தூசைப் புடைத்துக்கொண்டிருக்கும் ‘பருத்திப் பெண்டு’ வருகிறாள், பக்கத்தில் சின்ன விளக்கு. தனியாக இருக்கும் பெண்ணையும் நூலையும் சேர்த்துப் பார்த்தது இங்கிலாந்து மட்டுமில்லை. கபிலரின் அந்த வரியில் இளக்காரம் துளியும் கிடையாது. மேகத்துக்கு ஒப்பிடும் அளவுக்கு அவள் வேலை சுத்தம்.

‘கணவர் கையெழுத்து வேண்டியதில்லை’

“அத்தையையும் அப்படியா எழுதினார்கள்?” என்று கேட்டீர்கள். எழுதியவர் இழிவாக நினைத்து எழுதவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். காரணம் சட்டத்தில் இருக்கிறது.

பழைய ஆங்கிலச் சட்டப்படி கல்யாணமான பெண் கணவனின் நிழலில் மறைந்துபோனவள். அவளுடைய ரொக்கமும் நகையும் அவனுடையவை. நிலத்தின் வருமானமும் நிர்வாகமும் அவன் கையில். தன் பெயரில் அவள் ஒப்பந்தம் போட முடியாது. 1882-ல் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் இது பெரும்பாலும் ஒழிந்தது. அதுவரைக்கும் வாங்கவும் விற்கவும் வழக்குப் போடவும் முழு உரிமையோடு நின்றவர்கள் கைம்பெண்களும் ஸ்பின்ஸ்டர்களும்தான். ஒரு பத்திரத்தில் அந்தச் சொல் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது சொன்ன செய்தி: இவர் கையெழுத்துப் போட்டால் போதும், பின்னாலிருந்து ஒரு கணவர் வந்து தகராறு பண்ண மாட்டார்.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கட்டு இங்கிலாந்தைவிட முன்பே போய்விட்டது. 1865-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே, கல்யாணத்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உரிமை வராது என்று சொல்லிவிட்டது. இன்றைய 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 20-வது பிரிவு. ஆக 1962-ல் பாளையங்கோட்டையில் அந்தச் சொல்லுக்கு அவசியமே இல்லை. ஆனால் குமாஸ்தாக்கள் பழைய நகலைப் பார்த்துப் புதிய பத்திரம் எழுதுகிறவர்கள். உங்கள் பத்திர எழுத்தர் செய்ததும் அதுதானே.

நானும் செய்திருக்கிறேன். ஜூனியராக இருந்த காலத்தில் சீனியர் சொல்லச்சொல்லத் தட்டச்சு செய்யும்போது, ‘மிஸ்’ என்று காதில் விழுந்தால் விரல் தானாக ‘ஸ்பின்ஸ்டர்’ அடித்துவிடும். ஒருமுறை ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வரைவை வாங்கி, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். சீனியர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

அந்தச் சொல்லில் வயதும் கிடையாது என்பதற்கு ஓர் ஆதாரம் தருகிறேன். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திருமண அறிவிப்புக்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. மணமகன் ஜேம்ஸ் ஸ்மித், மனைவியை இழந்தவர், தச்சர். மணமகள் மார்த்தா கிரீன், ஸ்பின்ஸ்டர், மைனர். அந்தச் சட்டத்தில் மைனர் என்றால் 21 நிரம்பாதவர். அந்தப் பெண்ணை யாரும் வயது போனவள் என்று சொல்ல முடியாது; மணமாகாதவள், அவ்வளவுதான் விஷயம். இங்கிலாந்தில் திருமணப் பதிவேட்டிலிருந்து இந்தச் சொல்லை 2005-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘சிங்கிள்’ என்ற ஒரே சொல்தான்.

இன்னொன்று. நீங்கள் இருக்கும் ஊரில் பெண்கள் கல்லூரிக்குப் பெயராக நிற்கும் சாரா டக்கர் மணமாகாத ஆங்கிலப் பெண்; இந்தியாவுக்கு வந்ததுகூட இல்லை. டோனாவூரில் ஐம்பது வருஷம் இருந்து 1951-ல் இறந்த மிஷனரி எமி கார்மைக்கேலும் மணம் முடிக்காதவர். பத்திர பாஷையில் இருவரும் ஸ்பின்ஸ்டர்கள். நம் ஜனங்கள் இங்கே வந்து வேலை செய்த அப்படிப்பட்ட வெள்ளைக்காரப் பெண்களுக்கு மிஸ்ஸியம்மா என்று பெயர் வைத்து மரியாதையாகக் கூப்பிட்டார்கள். உங்கள் அத்தை அவர்கள் வளர்த்த பள்ளிகளில் ஒன்றில்தான் பாடம் சொன்னார். 1962-ல் தன் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து அவர் சாப்பாட்டை ஒதுக்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பா மகனுக்கு எது லாபம்?

அவர் ஏன் ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உயில் இல்லை என்று ஆகிவிட்டால், கணவரோ பிள்ளைகளோ பெற்றோரோ இல்லாத கிறிஸ்தவப் பெண்ணின் சொத்து உடன்பிறந்தவர்களுக்கும், முன்பே இறந்துவிட்ட உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் போகும் (வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 47). அப்போது சித்தப்பா வழியில் அவருக்கு ஒரு பங்கு வரும். உயில் நின்றால் ஒன்றுமில்லை.

ஒரு தப்பெண்ணத்தையும் இங்கேயே சரிசெய்கிறேன். “குடும்பச் சொத்துதானே, அத்தைக்கு முழுசாக எழுதிக் கொடுக்க உரிமை இருந்ததா என்று பயமாக இருக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். சொந்தச் சம்பளத்தில் தன் பெயரில் வாங்கிய வீடு அது. அதில் பிறந்ததாலேயே வரும் பங்கு என்று கிறிஸ்தவர்களுக்கு எதுவும் கிடையாது. அத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதினார்.

‘வேறு ஆள்’ என்ற வாதம் நிற்காது. உயிலில் சட்டக் கலைச்சொற்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுதியவரின் எண்ணம் புரிந்தால் போதும் என்கிறது 74-வது பிரிவு. ஆளை அடையாளம் காட்டப் பெயர், தந்தை பெயர், முகவரி, கையெழுத்து, விரல்ரேகை என்று எத்தனையோ இருக்கின்றன. அத்தையின் பணிப் பதிவேட்டு நகல், ஓய்வூதியப் புத்தகம், வாக்காளர் அட்டை, இறப்புச் சான்று, சபையின் அடக்கப் பதிவேட்டில் உள்ள பதிவு இவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். இவற்றில் அவர் மணமாகாதவர் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பத்திரத்தில் உள்ள ஸ்பின்ஸ்டரோடு அது பொருந்துகிறது. அந்தச் சொல் சாட்சி என்று நான் சொன்னது இதனால்தான்.

பிழைதிருத்தல் பத்திரம் வேண்டவே வேண்டாம். அது இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த பத்திரத்தில் இருவரும் அறியாமல் புகுந்த தவறைத் திருத்துவதற்கு. இங்கே தவறு இல்லை; வாங்கியவர் உயிரோடும் இல்லை. இறந்தவரின் உயிலைத் திருத்த யாருக்கும் அதிகாரம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, ‘ஸ்பின்ஸ்டர் என்று தவறாக எழுதப்பட்டுவிட்டது’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சித்தப்பா மகன் தேடிக்கொண்டிருக்கும் காகிதம் அதுதான்.

உண்மையில் கவனம் வேண்டிய இடம் வேறு. 1962 கிரயப் பத்திரம் முப்பது வருஷம் தாண்டியது. முறையாக இருக்க வேண்டியவர் கையிலிருந்து வந்தால் அது மெய்யானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் (2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தில் இது 92-வது பிரிவு). உயிலுக்கு அந்தச் சலுகை உதவாது. உயில் பதிவாகியிருந்தாலும், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரை விசாரித்துத்தான் நிரூபிக்க வேண்டும். சாட்சிகளில் ஒருவர் இன்னும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வயதையும் உடல்நிலையையும் மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வக்கீலிடம் இப்போதே பேசுங்கள். உயிலை நீதிமன்றத்தில் நிரூபித்து ‘புரொபேட்’ வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தியக் கிறிஸ்தவர்களின் உயில்களுக்கு 2002 திருத்தத்தோடு நீங்கிவிட்டது. அந்தக் கவலை வேண்டாம்.

நீங்களாக முந்திக்கொண்டு சித்தப்பா மகனுக்கு நோட்டீஸ் அனுப்பாதீர்கள். அதே சமயம், “சும்மா ஒரு கையெழுத்து, பிரச்சினை முடிந்துவிடும்” என்று யார் என்ன காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் போடாதீர்கள். அது உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம், பாகப் பிரிவினை ஒப்பந்தமாக இருக்கலாம்.

உங்கள் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது?

1413-ல் பிறந்த ‘அடிஷன்’ இன்னும் சாகவில்லை. நம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் திறந்தால், வரையறைகளில் முதல் வரையறையே அதற்குத்தான். வசிக்கும் இடம், தொழில், பதவி, பட்டம் இருந்தால் பட்டம், இந்தியராக இருந்தால் தந்தை பெயர். தாயின் பெயரால் அறியப்படுகிறவராக இருந்தால் தாயின் பெயர். கல்யாணம் ஆனதா என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. பத்திர எழுத்தர் “சார்பதிவாளர் ஆபீசில் திருப்பிவிடுவார்கள்” என்று சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். சண்டை வேண்டாம், அவர் கணினியில் சேமித்து வைத்திருக்கும் பழைய மாதிரி அது, அழிக்க ஒரு நிமிஷம் போதும்.

அந்த இடத்தில் உங்கள் தொழிலை எழுதுங்கள். ‘இன்னாரின் மகள், சுமார் 43 வயதுள்ள, வங்கி அதிகாரியாகப் பணிபுரியும் நான்’ என்று ஆரம்பித்தால் சட்டம் கேட்டது அத்தனையும் வந்துவிட்டது. தமிழிலேயே எழுதலாம். உங்கள் அத்தைக்கு ஆங்கிலம் சரளம். தம்பி மகளுக்கு நாற்பது வருஷம் கழித்து எது சரளமாக இருக்கும் என்று யோசியுங்கள்.

உயிலில் நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும். தம்பி மகள் ஒரு சாட்சி என்று வரைவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே மாற்றுங்கள். கிறிஸ்தவர்களின் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிவைத்த சொத்து செல்லாது (பிரிவு 67). மீதி உயில் நிற்கும். வீடு மட்டும் அவளுக்குப் போகாது. இந்துக்களின் உயில்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதனால் பத்திர எழுத்தர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. எனக்கு இந்த வரைவில் ஸ்பின்ஸ்டரைவிடப் பெரிய கோளாறாகத் தெரிந்தது இதுதான்.

பள்ளி விடுதிக்குப் பணம் எழுத முடியாது என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அது பழங்கதை. அண்ணன் தம்பி பிள்ளைகள் போன்ற நெருங்கிய உறவு உள்ள கிறிஸ்தவர், தர்ம காரியத்துக்கு உயில் எழுதினால், சாவதற்கு ஒரு வருஷம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்றெல்லாம் 118-வது பிரிவு கட்டுப்பாடு வைத்திருந்தது. கேரளத்தைச் சேர்ந்த பாதிரியார் ஜான் வள்ளமற்றம் தொடுத்த வழக்கில், சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் அந்தப் பிரிவை ரத்து செய்துவிட்டது. தாராளமாக எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி

இப்போது அந்தச் சக ஊழியர்.

கிறிஸ்தவர் ஒருவர் எழுதிவைத்த உயில், அதற்குப் பிறகு அவர் கல்யாணம் செய்துகொண்டால் அந்தக் கணமே ரத்தாகிவிடும். வாரிசுரிமைச் சட்டத்தின் 69-வது பிரிவு. உயிலைக் கிழிக்க வேண்டியதில்லை, ரத்து என்று எழுத வேண்டியதில்லை; கல்யாணமே போதும். பதிவு செய்த உயிலுக்கும் இதே கதிதான். இந்துக்களுக்கு இது கிடையாது என்பதால், அலுவலகத்தில் விசாரித்தால் ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று நாலு பேர் சொல்வார்கள். அவர்கள் உயிலைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி.

யோசித்துப் பாருங்கள். இந்த மாதம் உயில் எழுதுகிறீர்கள். அடுத்த வருஷம் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து, கல்யாணம் நடக்கிறது. வீடு தம்பி மகளுக்குத்தான் என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஆனால் உயில் செத்துவிட்டது. புதிதாக எழுதாவிட்டால் உங்களுக்குப் பிறகு கணவருக்கும் உங்கள் உறவினர்களுக்கும் சட்டப்படி பங்கு பிரியும். தம்பி மகளுக்கு நேரடியாக ஒன்றும் வராது, விடுதிக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. உங்கள் அத்தையின் உயில் இன்று உயிரோடு நிற்பதற்கு ஒரு காரணம், 2004-க்குப் பிறகும் அவர் ஸ்பின்ஸ்டராகவே இருந்தது.

இதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், உயிலையும் தள்ளிப்போட வேண்டாம். இப்போது எழுதுங்கள். கல்யாணம் நடந்தால் அதே வாசகத்தை வைத்து, கணவருக்கு ஏதாவது எழுத விரும்பினால் அதையும் சேர்த்து, மறுபடி ஒன்று எழுதுங்கள். பதிவுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. தம்பி மகளுக்கு இப்போதே தான செட்டில்மெண்ட் எழுதிவிடலாமே என்று உங்கள் தம்பி சொன்னால் அவசரப்படாதீர்கள். அது கல்யாணத்தால் ரத்தாகாது, உண்மைதான். ஆனால் பிறகு மனம் மாறினாலும் திரும்ப வாங்குவது மிகக் கஷ்டம். 43 வயதில் குடியிருக்கும் ஒரே வீட்டை அப்படிக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அந்த நண்பரைக் கல்யாணம் செய்துகொள்வது உங்கள் முடிவு. அதில் எனக்கு வேலை இல்லை. ஆனால் 1872-ஆம் ஆண்டுப் படிவத்தின் மணமகனும் மனைவியை இழந்தவர், மணமகளும் ஸ்பின்ஸ்டர் என்பது உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஞாபகம் வந்து கொஞ்சம் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

அப்புறம் ஒன்று. 1962 பத்திரத்தின் மடிப்பு கிழிகிறது, லேமினேட் செய்யப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். பின்னால் முத்திரைத்தாளையும் கையெழுத்தையும் பரிசோதிக்க வேண்டி வந்தால் பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடியாது. மடிப்பை நீவி, பெரிய உறையில் தட்டையாக வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி, காட்டவேண்டிய இடத்தில் அதைக் காட்டுங்கள்.